திங்கட்கிழமை காலை ஒன்பது மணி

“போன் பண்ணினாளாம் போன்! எந்தப் போனுக்குடி பண்ணின? யாருடி எடுத்தா?” என்று அம்மா மேஜையைத் தட்டிக் கேட்டபோது, அந்த நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தது. நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததுண்ணா இது. இங்கே, இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை. என் தங்கச்சி நிவி பிறந்த ஆஸ்பத்திரியில், பள்ளிபாளையத்தில்.

உட்காருங்க, பையை நகர்த்திக்கிறேன். உங்க டோக்கன் எத்தனை? அறுபத்தெட்டா? இப்பத்தான் நாற்பத்தொண்ணு போயிருக்கு. மதியம் ஆயிடும். எங்க அம்மா தங்கச்சியை ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்கு. அவ ஊசியைப் பார்த்தா தரையில் உருளுவா, ரெண்டு பேர் பிடிக்கணும். அதுக்கும் நேரமாகும்.

பாப்பாவுக்கு எத்தனை நாள்? பன்னிரண்டா. குதிகால்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கே, அதைப் பார்த்துத்தான் கேட்டேன். மறுபடி ரத்தம் எடுக்கணும்னு கூப்பிட்டாங்களா? போன்லயா? யார் எடுத்தது? நீங்களேவா?

அப்போ முகத்தை ஏன் இப்படி வெச்சுக்கிட்டு இருக்கீங்க? எடுத்தீங்க, கேட்டீங்க, வந்துட்டீங்க. தைராய்டு சுரக்கலைன்னு சொன்னாங்கன்னா ஒரு மாத்திரை தருவாங்க. தினமும் கொடுத்தா மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளர்ந்துடும். நான் டாக்டர் இல்லை, பதினொண்ணாவதைப் பாதியில் விட்டவன். ஆனா இது ஒண்ணு எனக்குத் தெரியும்.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு கேட்காதீங்க. நீங்க யாரோ, நான் யாரோ. அதனாலதான். அந்த நர்ஸ் அக்கா பொய் சொல்லவில்லை. போன் வந்தது. எடுத்தது நான்.

எங்க அம்மாவும் அப்பாவும் தறி ஓட்டுறவங்க. விசைத்தறி. ஷெட்டுக்குள் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது, கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். போன் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை. அடிப்பது தெரியாது, பஞ்சு வேறு உள்ளே புகுந்துவிடும். அதனால் அம்மாவின் போன் வீட்டில் என்னிடம்தான் இருக்கும். அப்போது லாக்டவுன், எனக்கு ஏழாவது, போனில்தான் கிளாஸ். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் அம்மா கொடுத்திருந்ததும் அந்த ஒரே நம்பர்தான்.

நிவி பிறந்து இருபதாவது நாளே அம்மா தறிக்குப் போய்விட்டது. சும்மா போகவில்லை. ஆர்டர் நிற்கிறது, ஆள் இல்லை என்று ஓனர் வாசலில் வந்து நின்றார். குழந்தைக்கு ஷெட்டு ஓரத்திலேயே ஒரு சேலைத் தொட்டில் கட்டினார்கள். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு எத்தனை அடி தெரியுமா? நாற்பது. பின்னால் எண்ணிப் பார்த்தேன். பல தடவை எண்ணியிருக்கிறேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கணக்கு கிளாஸ் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சின்னதாக்கிவிட்டு கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். மொத்தம் நூறு பேர் இறங்கினதில் நாலு பேர் மிச்சம், அதில் நான் ஒருத்தன். வாழ்க்கையில் அதுவரைக்கும் நான் நாலுக்குள் வந்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து போன். திரையே மறைந்துவிட்டது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எடுத்தேன்.

“பூங்கோதை வீடா? ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். அம்மா இருக்காங்களா பாப்பா?”

பாப்பா என்றதும் எனக்குக் கோபம். என் குரல் எட்டாவதில்தான் உடைந்தது, அதுவரை போனில் எல்லோரும் என்னைப் பெண் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். “அம்மா வேலையில இருக்காங்க” என்றேன்.

“சரி, நல்லாக் கேட்டுக்கோ. தங்கச்சிப் பாப்பாவுக்கு எடுத்த ரத்தத்துல ஒரு சந்தேகம் இருக்கு. மறுபடி எடுக்கணும். திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு, கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொல்லு. மறந்துடாத. என்ன கிழமை?”

“திங்கட்கிழமை.”

“எத்தனை மணி?”

“ஒன்பது. சரி சரி சரி” என்று கட் பண்ணிவிட்டேன். திரும்பிப் போனால் என் ஆள் செத்துக் கிடந்தான்.

மறுபடி இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை எடுக்காமல் கட் பண்ணினேன். இரண்டாவது தடவை அந்த நம்பரையே பிளாக்கில் போட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். நான் மறக்கவில்லைண்ணா. சாயங்காலம் அம்மா வந்து, முடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு ஞாபகம் இருந்தது. திங்கட்கிழமையும் இருந்தது, ஒன்பது மணியும் இருந்தது. ஆனால் சொன்னால் என்ன கேட்கும்? காலைல வந்த போனுக்கு இப்பச் சொல்றியேடா, நாலு எட்டு ஓடி வந்தா என்ன, கிளாஸ் நேரத்துல என்ன பண்ணிட்டு இருந்த என்று கேட்கும். போனைப் பிடுங்கி மேலே வைத்துவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கறி எடுத்து வந்தார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஐந்து ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அப்படியென்றால் பெரிய விஷயம் இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் கொடுமை. எல்லோரும் நிவியைப் புகழ ஆரம்பித்தார்கள்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எல்லாம் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிடும். தறி ஓடும்வரை நன்றாகத் தூங்கும். கரண்ட் போய் தறி நின்றால்தான் பட்டென்று முழித்துக் கத்தும். நானும் அப்படித்தானாம். ஆனால் நிவி தறி ஓடினாலும் தூங்கினாள், நின்றாலும் தூங்கினாள். பாலுக்குக்கூட அழமாட்டாள், எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். “கோதை, உனக்குன்னே பொறந்திருக்குடி, இப்படி ஒரு பிள்ளைன்னா நான் இன்னும் நாலு பெத்துக்குவேன்” என்று பக்கத்துத் தறி அக்காக்கள் சிரித்தார்கள். ஓனரே வந்து பார்த்துவிட்டு, “இதுதான்யா அசல் தறிக்காரன் பிள்ளை” என்றார். அப்பாவுக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமை.

ஒருநாள் கரண்ட் போனது. ஷெட்டு முழுக்க ஒரே அமைதி. அங்கே இருந்த மற்ற இரண்டு குழந்தைகளும் வீறிட்டு அழுதன. நான் தொட்டிலை விலக்கிப் பார்த்தேன். நிவி கண்ணைத் திறந்துதான் இருந்தாள். நாக்கு கொஞ்சம் வெளியே. என்னைப் பார்த்தாளா, கூரையைப் பார்த்தாளா தெரியவில்லை. அழவில்லை. அந்த அமைதி இன்னமும் எனக்கு வரும்ண்ணா. எங்கேயாவது தறி நின்றால் போதும், ஓடிப்போய் நிவியைப் பார்ப்பேன்.

லாக்டவுனில் தள்ளிப்போன தடுப்பூசியைப் பதினோராவது மாதம் போட வந்த சுகாதார நர்ஸம்மாதான் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கழுத்தே நிக்கலையே, யாரும் பார்க்கலையா?” என்று இங்கே அனுப்பி வைத்தது. இதோ இந்த மூன்றாம் நம்பர் ரூமில்தான் டாக்டர் சொன்னார். “பிறந்த உடனே தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இந்தக் குழந்தை நல்லா வந்திருக்கும்மா. பதினோரு மாசம் மூளைக்குத் தேவையானது கிடைக்காமப் போச்சே.” அம்மா அழுதது. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்குத் திங்கட்கிழமை என்றால் என்ன என்று புரிந்தது.

அப்புறம் நானே மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு இருபத்து மூன்றாவது நாள். எப்படியும் உடனே இல்லையே, அப்படியென்றால் என் பங்கு கம்மிதானே என்று. ஒரு தடவை வேறொரு சின்ன டாக்டரிடம், யாருக்கோ நடந்த மாதிரி கேட்டும் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டே, “இருபத்து மூணு நாளுக்கும் பதினோரு மாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதா தம்பி?” என்றார். அதோடு கணக்கு போடுவதை விட்டுவிட்டேன்.

இப்போது நிவிக்கு ஐந்து வயது. நடக்கிறாள், மூன்று வயதுக்கு மேல்தான் நடந்தாள். ஏழெட்டு வார்த்தை பேசுவாள். அம்மா, தா, போ, மம்மு. அதில் ஒன்று அலோ. சீப்பைக் கொடுத்தாலும் கரண்டியைக் கொடுத்தாலும் காதில் வைத்துக்கொண்டு அலோ, அலோ என்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் எழுந்து வெளியே போக வேண்டும்போல் இருக்கும்.

மாத்திரை நான்தான் கொடுக்கிறேன். காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், ஸ்பூனில் நசுக்கித் தண்ணீரில் கலந்து. கொடுத்து அரை மணி நேரம் எதுவும் தரக் கூடாது. அவள் மம்மு மம்மு என்று அடிப்பாள், தரமாட்டேன். ஒரு தடவை அம்மா பாவம் பார்த்துப் பத்தாவது நிமிஷமே ராகிக் கஞ்சியைக் கொடுத்துவிட்டது. நான் கத்திய கத்தில் தெருவே வந்துவிட்டது. “உனக்கெல்லாம் பொறுப்பே இல்லையா?” என்று கேட்டேன், பெற்ற தாயை. எனக்கு இந்த அலட்சியம் பிடிக்காதுண்ணா. ஒருநாள்கூட நான் தவறவிட்டதில்லை. காய்ச்சலிலும் எழுந்து கொடுத்திருக்கிறேன். ஸ்கூல் பஸ் ஆறரைக்கு என்றார்கள், அதனால் ஸ்கூலை விட்டேன். படிப்பு வரவில்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். தெருவில் என்னைக் காட்டி, “அண்ணன்னா இப்படி இருக்கணும்” என்பார்கள். அவர்களாகச் சொல்வதற்கு நான் என்ன பண்ண முடியும்?

இப்பவெல்லாம் எந்த நம்பரில் இருந்து போன் வந்தாலும் எடுத்துவிடுவேன். லோன் வேணுமா சார் என்று ஒரு பெண் கேட்கும். அது முழுசாகப் பேசி முடிக்கிற வரை கட் பண்ணமாட்டேன். கடைசியில் “சரிங்க, அம்மாகிட்ட சொல்லிடறேன்” என்பேன். அந்தப் பழைய போன் உடைந்து பெட்டியில் கிடக்கிறது. சார்ஜ் போட்டால் எழும். பிளாக் லிஸ்டில் ஒரே ஒரு நம்பர்தான் இருக்கிறது. அதை நான் இன்னும் அதிலிருந்து நீக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லணும். விஷயம் தெரிந்த அன்றைக்கே அப்பாவோட அக்கா, எங்க அத்தை, வந்து உட்கார்ந்து பேசியது. “ஒன்பது மாசமும் அந்தச் சத்தத்துல நின்னா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு மூளை கலங்காம என்ன பண்ணும்? பெத்த இருபதாம் நாளே மறுபடி தறிக்கு ஓடினவதானே நீ.” டாக்டர் அப்படி இல்லை என்று சொல்லியும் அம்மா அதைத்தான் நம்பியது. அன்றோடு ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றியது. தெருவில் தறிச் சத்தம் கேட்டால் நிவியின் காதைப் பொத்தும். நாலு வருஷம். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இந்த வருஷம் நிவியை ஸ்கூலில் சேர்க்க சர்டிபிகேட் வாங்க இங்கே வந்தோம். புதிதாக வந்த டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, “அந்த ஆஸ்பத்திரியில பிறந்த எல்லாக் குழந்தைக்கும் குதிகால் ரத்தம் எடுப்பாங்களே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்று கேட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் முகம் மாறியதைப் பார்க்கணுமே. நேராகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிஜிஸ்டரை எடுத்தார்கள். சந்தேகம் என்று சிவப்பில் போட்டு, பக்கத்தில் நீல மையில், போன் செய்து திங்கள் காலை 9 மணிக்கு வரச் சொல்லப்பட்டது என்று எழுதி, ஜெசிந்தா என்று கையெழுத்து.

“எவ அவ? எனக்கு எவளும் போன் பண்ணல. பண்ணாமலே எழுதி வெச்சிருக்கா” என்றது அம்மா.

புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

எழுதினது யார் என்று நினைக்கிறீங்க? அம்மாவுக்கு எழுத வராது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், தமிழ் ஐயாவே சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எங்களுக்கு எந்தத் தொலைபேசி அழைப்பும் வரவில்லை. அந்த வரியில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

புகார் கொடுத்த மறுநாளிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டது. அத்தைக்குப் போன் போட்டு, “கேட்டுக்கோங்க, தறியால இல்ல, எவளோ ஒருத்தி வேலையை ஒழுங்காப் பார்க்காததால” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னது. ஷெட்டுக்குத் திரும்பப் போனது. ராத்திரி சோற்றை இரண்டாவது தடவை வாங்கித் தின்றது. நீங்களே சொல்லுங்க, இந்த நேரத்தில் போய் நான் வாயைத் திறந்தால் அம்மா மறுபடி பழையபடி மூலையில் உட்கார்ந்துவிடாதா? நான் எனக்காகப் பார்க்கலைண்ணா. அம்மாவுக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை விசாரணை. பெரிய டாக்டரம்மா, மேனேஜர், இந்த அக்கா, நாங்கள். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், மெலிந்து, நெற்றியில் ஒன்றும் இல்லாமல். பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறதாம். குரலை வைத்து எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே குரல்.

“நான் பண்ணினேன் மேடம். ஒரு சின்னப் பொண்ணு எடுத்துச்சு. கிழமை, மணி எல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்” என்றது.

அப்போதுதான் அம்மா மேஜையைத் தட்டியது. தட்டிவிட்டு, “எங்க வீட்டுல ஏதுடி சின்னப் பொண்ணு? இருந்த ஒரே பொண்ணு இருபது நாள் குழந்தை, தொட்டில்ல கிடந்தா! அவளா எடுத்துப் பேசினா?” என்றது.

மேனேஜர் சிரித்துவிட்டார். டாக்டரம்மாகூட உதட்டைக் கடித்தது. அத்தோடு அக்கா கதை முடிந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொன்னார்கள். பெரிய டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, “நீ என்னப்பா படிக்கிற?” என்று சும்மா கேட்டது. “விட்டுட்டேங்க” என்றேன். என் குரல் இப்போது தடித்துப் போயிருக்கே, கேட்கிறீங்களே. ஆனாலும் அக்கா தலையை நிமிர்த்தி மறுபடி என்னைப் பார்த்தது. என் வயதைக் கணக்குப் போடுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நான் வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றது.

“நீதானே?”

நான் சாவியைத் தேடினேன்.

“அழாத. நான் உன்னைத் திட்ட வரலை. மூணு தடவையோட நிறுத்தினது என் தப்பு. அட்ரஸ் இருந்துச்சு, ஆளை அனுப்பியிருக்கணும். அதுக்கு என்னை அனுப்பட்டும், போறேன். ஆனா பண்ணாத போனை எழுதி வெச்சேன்னு அனுப்பக் கூடாதுப்பா.”

நான் ஒன்றும் அழவில்லை. அது அப்படி நினைத்துக்கொண்டது.

“உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டாம். உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லு. போன் வந்துச்சும்மான்னு. அவ்வளவுதான். மத்ததை அவங்க பார்த்துக்குவாங்க, பெத்தவங்க” என்றது. போகத் திரும்பியது. “அன்னைக்கும் உன்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் சொல்லச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அம்மா நிவியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தது. ஜெயித்த முகம். சேலை முந்தானையால் நிவியின் வாயைத் துடைத்துக்கொண்டே ரோட்டுப் பக்கம் பார்த்தது.

“அவ எதுக்குடா உன்கிட்ட வந்து நின்னா? என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலைம்மா” என்றேன்.